செருப்பு: ஒரு சொல்லை எப்படிக் கற்பிக்கலாம்?

தமிழ்க் குறிப்பேடுகளில் சொற்பொருள் எழுதும் பக்கம் எல்லாப் பள்ளிகளிலும் ஒரே மாதிரி இருக்கும். இடப்பக்கம் ஒரு சொல், நடுவில் ஒரு சிறு கோடு, வலப்பக்கம் இன்னொரு சொல். ‘பாதரட்சை – காலணி’, ‘மிதியடி – செருப்பு’ என்று எழுதி முடித்தால் அந்தச் சொல் படித்தாகிவிட்டது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் எந்தச் சொல்லை யார், யாரிடம், எப்போது சொல்வார்கள் என்பதை அந்தச் சிறு கோடு சொல்வதில்லை.

நான் அரசுப் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை தமிழ் கற்பிக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை நான்கு பாடவேளைகளை ஒரே ஒரு சொல்லுக்கு ஒதுக்குவது என் வழக்கம். நான் தேர்ந்தெடுக்கும் சொல் ‘செருப்பு’. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அந்தப் பொருள் வகுப்பறை வாசலிலேயே கிடக்கிறது. படம் தேட வேண்டியதில்லை. மற்றொன்று, அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். ‘மேசை’, ‘குடை’ என்று எழுதினால் யாரும் சிரிப்பதில்லை. செருப்புக்கு மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது? இந்த நான்கு பாடவேளைகளும் அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சிதான்.

வாசலிலிருந்து தொடங்குவோம்

முதல் வேலை, பார்த்து வகைப்படுத்துவது. மாணவர்கள் குழுக்களாக வாசலுக்குச் சென்று அங்கே கிடப்பவற்றைப் பட்டியலிட வேண்டும். பெருவிரலுக்கு வளையம் உள்ளவை, குறுக்கே அகலமான பட்டை உள்ளவை, குதிகாலைச் சுற்றி வார் உள்ளவை, கால் முழுவதும் மூடுபவை என நான்கு வகைகளாவது கிடைக்கும். பிறகு, “இவற்றில் எதையெல்லாம் செருப்பு என்பீர்கள்?” என்று கேட்பேன்.

விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பின்பக்கம் திறந்திருந்தால் செருப்பு, மூடியிருந்தால் ஷூ. குதிகாலைச் சுற்றி வார் உள்ளதற்கு மட்டும் சச்சரவு வரும். சிலர் சாண்டல் என்பார்கள், சிலர் அதுவும் செருப்புதான் என்பார்கள். அந்தச் சச்சரவைத் தீர்த்துவைக்க வேண்டாம். ஒரு சொல்லின் பொருளுக்கு நடுவிடம் தெளிவாகவும் ஓரங்கள் மங்கலாகவும் இருக்கும் என்பதை அவர்களே கண்டுகொள்ளட்டும்.

அடுத்து, அகராதியைப் பார்க்காமல் செருப்புக்கு வரையறை எழுதச் சொல்வேன். ஒரு குழு எழுதியது எனக்குப் பிடித்திருந்தது: “குனியாமல், கையால் தொடாமல் போடவும் கழற்றவும் முடிவது.” அகராதிகள் தோலால் ஆனது என்றோ காலில் அணிவது என்றோ சொல்லும். பயன்பாட்டிலிருந்து பிறந்த வரையறை இது. வீட்டு வாசல், கோயில் வாசல், வகுப்பு வாசல் என்று ஒரு நாளைக்குப் பல முறை கழற்ற வேண்டிய ஊரில், பின்பக்கம் திறந்த செருப்பு நிலைத்ததில் வியப்பில்லை.

இதே பாடவேளையில் வினைச்சொற்களையும் சேர்த்துவிடலாம். செருப்பைப் ‘போடுகிறோம்’, ‘மாட்டுகிறோம்’, ‘கழற்றுகிறோம்’. வார் ‘அறுகிறது’. அறுந்ததைத் ‘தைக்கிறோம்’. புதுச் செருப்பு காலைக் ‘கடிக்கிறது’. ஆனால் காலணியை ‘அணிகிறோம்’. ‘காலணி கடிக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை. இரண்டும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன. ஆனாலும் கூடவரும் வினைகள் வேறு. ‘பொருள் ஒன்று, பழக்கம் வேறு’ என்று மாணவர்களின் குறிப்பேட்டில் எழுதவைப்பேன்.

பெயர் எதைப் பார்த்தது?

இரண்டாம் பாடவேளையை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் பாடத்தோடு இணைக்கலாம். தமிழில் காலில் அணிவதற்கு எத்தனை பெயர்கள்! ஒவ்வொரு பெயரும் அந்தப் பொருளின் எந்தப் பக்கத்தைப் பார்த்தது என்று கேட்டால் மாணவர்களே பிரித்துவிடுவார்கள்.

‘மிதியடி’ மிதிக்கும் செயலைப் பார்த்தது. ‘பாதரட்சை’ பாதத்தைக் காக்கும் பயனைப் பார்த்தது. ‘காலணி’ அணியும் இடத்தைப் பார்த்தது. ‘பாதக்குறடு’ செய்யப்பட்ட பொருளைப் பார்த்தது. குறடு என்பது இங்கே மரக்கட்டை. சங்க இலக்கியத்தில் வரும் ‘தொடுதோல்’ தோலையும் அணிதலையும் சேர்த்துப் பார்த்தது. தொடுதல் என்பதற்கு அணிதல் என்ற பொருளும் உண்டு. தொட்ட தோல், தொடுகின்ற தோல், தொடும் தோல் என மூன்று காலத்துக்கும் விரிவதால் அது வினைத்தொகைக்கும் எடுத்துக்காட்டு. பெரும்பாணாற்றுப்படை, வழிச்செல்லும் வணிகரின் செருப்பை அடியை மறைக்கும் அரணாகக் காட்டுகிறது. அங்கே பெயர் பார்த்தது பாதுகாப்பை.

இவையெல்லாம் காரணப்பெயர்கள். ‘செருப்பு’? மாணவர்கள் பிரித்துப் பார்ப்பார்கள். செரு என்றால் போர் என்பதால் போரோடு முடிச்சுப் போட முயல்வோரும் உண்டு. ஒலி ஒத்திருப்பதால் மட்டும் உறவு வந்துவிடாது என்பதை இங்கே சொல்லலாம். பேசுவோருக்குக் காரணம் புலப்படாத பெயர் என்பதால் செருப்பை இடுகுறிப்பெயராகக் கொள்வதே பொருத்தம்.

மிதியடி என்ற சொல்லுக்கு நேர்ந்ததையும் காட்டுங்கள். முன்பு காலில் அணிந்தது மிதியடி. இன்று கடையில் மிதியடி கேட்டால் வாசலில் போட்டுக் கால் துடைக்கும் விரிப்பைத் தருவார்கள். காலோடு நடந்த சொல் வாசலிலேயே தங்கிவிட்டது. பழைய கதையில் ‘மிதியடி அணிந்து வந்தார்’ என்று படிக்கும் இன்றைய குழந்தை திகைக்கத்தான் செய்யும். அந்தத் திகைப்பே சொற்பொருள் மாற்றம் குறித்த பாடம்.

செருப்பின் உடன்பிறப்புகள்

காரணம் புலப்படாத சொல்லுக்கும் உறவினர்கள் உண்டு. மலையாளத்தில் செருப்பு, தெலுங்கில் செப்பு, கன்னடத்தில் கெர. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ஒரே வேரின் கீழ் வைக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பு 1984-இல் வந்தது.

தமிழில் ‘செ’ இருக்கும் இடத்தில் கன்னடத்தில் ‘கெ’ இருப்பது தற்செயல் இல்லை. தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. தமிழில் சிறு, கன்னடத்தில் கிரு. செம்மை, செம்பு முதலியவற்றோடு கன்னடத்தின் கெம்பு (சிவப்பு) உறவுடையது. இகரம், எகரம் போன்ற முன்னுயிர்களுக்கு முன்னால் பழைய ககரம் தமிழில் சகரமானது. கன்னடம் ககரத்தைக் காத்துக்கொண்டது. அடுத்து ட, ண, ள, ழ ஆகிய ஒலிகள் வந்தால் தமிழிலும் பெரும்பாலும் ககரம் மாறவில்லை. அதனால்தான் கெடு, கிளி, கேள், கிழவன் என்கிறோம்.

ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற எல்லைப் பகுதிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் குழந்தை, தமிழ் வகுப்பில் பெரும்பாலும் கேட்கும் பக்கத்தில்தான் இருக்கும். இந்தப் பாடத்தில் அந்தக் குழந்தைதான் தரவு தருபவர். வீட்டுச் சொல்லோடு வரும் குழந்தையிடம் வகுப்பே கேள்வி கேட்கும்.

இலங்கைத் தமிழையும் தொட்டுக்காட்டலாம். அங்கே மூடிய காலணியைச் சப்பாத்து என்பார்கள். போர்த்துக்கீசியரின் ‘சப்பாத்து’ கடல் கடந்து வந்து தங்கிய சொல் அது. நம் ஊரில் ஆங்கிலத்திலிருந்து ஷூ வந்தது. மூடிய காலணிக்கு இரு பகுதியினரும் வெளிச்சொல்லை ஏற்றார்கள். செருப்பு மட்டும் இரண்டு இடத்திலும் செருப்பாகவே இருக்கிறது.

மலையும் செருப்பும்

மூன்றாம் பாடவேளைக்கு வருவோம். “செருப்பு கொச்சையான சொல், காலணிதான் நல்ல தமிழ்” என்று மாணவர்கள் மட்டுமல்ல, நம்மில் சிலரும் எண்ணுகிறோம். இலக்கியம் வேறு மாதிரி சொல்கிறது.

சேர நாட்டுப் பூழியரின் மலை ஒன்றுக்குச் செருப்பு என்று பெயர். பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்தில் பாலைக் கௌதமனார் அந்த மலையைக் குறிப்பிடுகிறார். கேட்பவர் காலில் போடும் செருப்பு என்று மயங்கக் கூடாது அல்லவா? எனவே மிதிப்பது அல்லாத செருப்பு என்ற பொருளில் ஓர் அடைமொழி தருகிறார். பல பொருள் தரும் சொல்லை அடைமொழியால் தெளிவாக்கும் இந்த முறையை இலக்கணத்தில் ‘வெளிப்படை’ என்பார்கள். உயர் வகுப்பு ஆசிரியர்கள் இதை எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தலாம். இதிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. மலையைப் பாடும்போதே காலில் போடும் செருப்பு நினைவுக்கு வரும் அளவுக்கு அந்தச் சொல் அன்றே பரவியிருந்தது.

திருவாசகத்தைப் பாருங்கள். கண்ணப்பரின் வழிபாட்டைப் பேசும் இடத்தில் மாணிக்கவாசகர் செருப்பு என்ற சொல்லையே ஆள்கிறார். பாதுகை என்றோ வேறு உயர்ந்த சொல்லாகவோ மாற்றவில்லை. செருப்பு அணிந்த அந்தக் காலைச் சிறப்புடைய அடியாகவே போற்றுகிறார். மறுபுறம், இராமாயணத்தில் பரதன் அரியணையில் வைத்து வணங்குவது பாதுகை. வேதாந்த தேசிகர் அந்தப் பாதுகையைப் போற்றி 1008 பாடல்கள் கொண்ட வடமொழி நூலே இயற்றினார்.

இரண்டையும் அருகருகே வைத்து மாணவர்களிடம் கேளுங்கள்: அரியணையில் இருந்தால் பாதுகை, வாசலில் கிடந்தால் செருப்பு, மாறியது பொருளா, இடமா, நம் பார்வையா?

ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு பாடவேளை

இந்தப் பாடத்தை ஆங்கில ஆசிரியரோடு சேர்ந்து நடத்தினால் பலன் கூடும். செருப்பு என்பதற்கு நம் மாணவர்கள் ‘ஸ்லிப்பர்’ என்று எழுதுகிறார்கள். நழுவுதலைக் குறிக்கும் ‘ஸ்லிப்’ என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. கால் எளிதாக நழுவி உள்ளே போவதால் அந்தப் பெயர். ஆனால் பிரிட்டனில் ஸ்லிப்பர் என்றால் பெரும்பாலும் வீட்டுக்குள் போடும் மென்மையான காலணி. ஸ்லிப்பர் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனேன் என்று எழுதினால், அங்கே இருப்பவர் வேறு காட்சியைக் கற்பனை செய்வார். நமக்கு வாசலுக்கு வெளியே, அவர்களுக்கு வாசலுக்கு உள்ளே.

சிண்டரெல்லா கதை எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். 1697-இல் பிரெஞ்சில் அதை எழுதிய சார்ல் பெரோ, ‘பந்தூஃப்ல்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். இன்றைய பிரெஞ்சில் அது வீட்டில் போடும் எளிய செருப்பைக் குறிக்கிறது. ஓடும்போது அது காலிலிருந்து ஏன் கழன்றது என்று ஆறாம் வகுப்பில் கேட்டபோது, “பின்னாடி வார் இல்ல சார்” என்று உடனே பதில் வந்தது. கதையின் திருப்பமே ஒரு செருப்பின் அமைப்பில் இருப்பதாகக் குழந்தைகள் கண்டுவிட்டார்கள்!

பின்பக்கம் திறந்த செருப்புக்கு ஆங்கிலத்தில் ‘மியூல்’ என்ற சொல்லும் உண்டு. கோவேறு கழுதைக்கும் அதே எழுத்துகள்தாம். ஆனால் வேர் வேறு. செருப்பைக் குறிப்பது, ரோமானிய உயர் அலுவலர்களின் சிவப்புக் காலணியைக் குறித்த இலத்தீன் சொல்லோடு தொடர்புடையது. செருப்பு மலையும் காலில் போடும் செருப்பும் போல இதுவும் ஒலி ஒன்றாய்ப் பொருள் வேறாய் நிற்கும் இணை. மொராக்கோவின் புகழ்பெற்ற பின்திறந்த தோல் செருப்பை ஆங்கிலமும் பிரெஞ்சும் ‘பாபூஷ்’ என்கின்றன. அதன் மூலம் பாரசீகச் சொல்: ‘பா’ என்றால் கால், ‘போஷ்’ என்றால் மூடுவது. அதே ‘பா’தான் நமக்குத் தெரிந்த பைஜாமாவிலும் இருக்கிறது. அடியை மறைக்கும் அரண் என்ற நம் பழம்புலவரும் பாரசீகரும் ஒன்றையே பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு ஒரு வாக்கியம் போதும்: ‘புதுச் செருப்பு கடிக்கிறது.’ ஆங்கிலத்தில் காலணி கடிப்பதைவிடக் கிள்ளுவதுதான் வழக்கம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் எங்கே இடறும் என்பதை இந்த வாக்கியம் காட்டிவிடும்.

சிரிப்புக்குப் பின்னால்

நான்காம் பாடவேளை கொஞ்சம் கடினமானது. இதைத் தவிர்த்துவிட்டால் முந்தைய மூன்றும் வெறும் சுவையான செய்திகளாகவே நின்றுவிடும்.

செருப்பு என்றதும் எழும் சிரிப்புக்குக் காரணம், அந்தச் சொல் வசையில் வருவது. ஒருவரை இழிவுபடுத்த அந்தப் பொருளைக் காட்டினாலே போதும் என்ற நிலை நம் சமூகத்தில் இருக்கிறது. தரையைத் தொடுவது தாழ்ந்தது, அதைச் செய்பவரும் தாழ்ந்தவர் என்ற எண்ணம் அதன் பின்னால் நிற்கிறது. பல ஊர்களில் பட்டியல் சமூகத்தவர் ஆதிக்கச் சாதித் தெருக்களில் செருப்பு அணிந்து நடக்க முடியாமல் தடுக்கப்பட்டனர். இது பழங்கதை என்று நினைத்தால் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் காலணி அணிவதையோ புத்தாடை உடுத்துவதையோ மிதிவண்டி ஓட்டுவதையோ தடுப்பது குற்றம் என்று அந்தத் திருத்தம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஒரு நாட்டின் சட்டம் காலணியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியிருந்தது என்றால், அந்தச் சொல்லின் பொருளில் அதுவும் ஒரு பகுதிதான்.

மாணவர்கள் கேட்பார்கள்: “கோயில்ல நாமளும் கழட்டுறோமே சார்?” நல்ல கேள்வி. நாமே கழற்றினால் அது மரியாதை. ஒருவரை மட்டும் கழற்றவைத்தால் அது அவமதிப்பு. எட்டாம் வகுப்பு மாணவருக்கு இந்த வேறுபாடு நன்றாகவே புரிகிறது. சமூக அறிவியல் ஆசிரியர் இந்த இடத்தில் தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டப் பிரிவு 17-ஐ இணைக்கலாம். அறிவியல் ஆசிரியர், கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாக உடலுக்குள் நுழைவதைச் சொல்லலாம். செருப்பில்லாத காலுக்கு நோயும் உண்டு என்பது அப்போது தெரியும்.

பள்ளியில் குழந்தைகளுக்கு வழங்கப்படுவதை ‘விலையில்லாக் காலணி’ என்கிறோம். செருப்பு, ஷூ இரண்டையும் உள்ளடக்கும் பொதுச்சொல் என்பதால் அது பொருத்தமே. காலணி என்பதைக் ‘காலனி’ என்று எழுதிவிடும் மாணவர்கள் பலர். ண, ன வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஒடுக்கப்பட்டோர் வாழும் பகுதியைச் சுட்டும் பெயராகத் தமிழ்நாட்டில் ‘காலனி’ ஆகிவிட்டதால், அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்தச் சொல்லை நீக்குவது சரி என்றால் செருப்பையும் நீக்கிவிடலாமா என்று வகுப்பில் விவாதிக்கலாம். என் நிலைப்பாட்டையும் சொல்கிறேன். காலனி என்ற சொல் மனிதரைப் பிரித்துக் காட்டப் பயன்பட்டது. செருப்பு நம் கால்களைக் காக்கும் பொருளின் பெயர். அழுக்கு அதன்மேல் ஏற்றப்பட்டது. பெயரை ஒளித்தால் அழுக்கு உண்மை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாணவர் விவரப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதியிருந்த ஒரு மாணவனின் தந்தை, பேருந்து நிறுத்தத்தில் செருப்பு தைப்பவர். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அத்தகைய குழந்தையை எழுப்பி, “உன் அப்பாவின் தொழிலைச் சொல்” என்று எடுத்துக்காட்டாக்கவே கூடாது. நல்ல நோக்கத்தோடு செய்தாலும் அது வகுப்பின் முன் அந்தக் குழந்தையின் செருப்பைக் கழற்றவைப்பதுதான்.

மாறாக, வேலையை எல்லாருக்கும் பொதுவாக்கிவிடலாம். ஒவ்வொரு மாணவரும் தம் ஊரில் செருப்பு தைப்பவர் ஒருவரிடமாவது பேசி, அவர் பயன்படுத்தும் பத்துச் சொற்களைக் கேட்டு வர வேண்டும். கருவிகளின் பெயர், தையலின் பெயர், செருப்பின் பாகங்களின் பெயர் எதுவாகவும் இருக்கலாம். சென்ற ஆண்டு வந்த பட்டியலில் எனக்கே தெரியாத சொற்கள் பல இருந்தன. பொருள் கேட்டபோது விளக்கியவர்களில் அந்த மாணவனும் ஒருவன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதி ஆசிரியர்களுக்கு இது இன்னும் எளிது. அங்கே தோல் தொழிலும் ‘ஷூ கம்பெனி’யும் பல குழந்தைகளின் வீட்டுப் பேச்சிலேயே உண்டு. சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைப் பற்றிச் சொன்னால், இது ஆய்வுக்கும் உயர்கல்விக்கும் உரிய துறை என்பதும் மாணவர்களுக்குத் தெரியும்.

மதிப்பீடு

தொடக்கநிலை வகுப்புகளுக்கு வாசலில் வகைப்படுத்தலும், போடு, கழற்று, தை, கடி ஆகிய வினைகளைக் கொண்டு வாக்கியம் அமைத்தலும் போதும். ஆறு முதல் எட்டு வரை காரணப்பெயர்ப் பட்டியலையும் அண்டை மொழிச் சொற்களையும் சேர்க்கலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் வெளிப்படை, வினைத்தொகை, சட்டம் வரை செல்லலாம்.

சொற்பொருள் எழுதும் வினாவை நான் இப்போது இப்படி அமைக்கிறேன்: “செருப்பு, காலணி, பாதுகை, மிதியடி – இவை ஒவ்வொன்றையும் யார், எங்கே, எந்த வினையோடு சொல்வார்கள்? உன் சொந்த வாக்கியத்தில் எழுது.” ஒரே விடை இல்லாத வினா என்பதால் திருத்தக் கூடுதல் நேரமாகும். ஆனால் பார்த்தெழுத முடியாது. அந்தக் குழந்தையின் வீடும் தெருவும் விடைத்தாளில் வந்துவிடும். உங்கள் ஊரில் செருப்பு தைப்பவர்களிடமிருந்து மாணவர்கள் கொண்டுவரும் சொற்களை ஒரு குறிப்பேட்டில் சேர்த்துப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். அகராதிகளில் இன்னும் ஏறாத சொற்கள் அதில் நிச்சயம் சில இருக்கும்.